லினக்ஸ் டிரைவர்: வருவது சஸ்பெண்டா, ஹைபர்னேட்டா என்று முன்பே எப்படி அறிவது?

கேள்வி
பிசிஐஇ கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதுகிறேன். உறங்கும் முன் கார்டின் உள் நினைவகத்தை ரேமில் எடுத்து வைக்க 8 எம்பி பஃபர் (தற்காலிக இடம்) வேண்டும். சஸ்பெண்ட் (ரேமுக்கு மின்சாரம் விட்டுவைத்து உறங்குவது) சரியாக நடக்கிறது. ஹைபர்னேட் (ரேமை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) செய்தால் மட்டும் லாகில் சஸ்பெண்ட், ரெஸ்யூம், மறுபடி சஸ்பெண்ட் என்று வருகிறது. சில நேரம் பஃபரும் கிடைப்பதில்லை. எந்த உறக்கம் வரப்போகிறது என்று கெர்னல் எங்கே சொல்லும்?

பதில் 1
செட்_சிஸ்டம்_ஸ்லீப்_பிஎம்_ஆப்ஸ் மேக்ரோ போட்டிருக்கிறீர்களா? அது ஒரே ஃபங்ஷனை சஸ்பெண்ட், ஃப்ரீஸ், பவர்ஆஃப் மூன்றிலும் மாட்டிவிடும். ஹைபர்னேட்டில் முதலில் ஃப்ரீஸ் வரும். சாதனங்கள் ஓய்ந்ததும் ரேமின் இமேஜ், அதாவது முழு நகல், எடுக்கப்படும். அதை டிஸ்கில் எழுத டிஸ்க் விழித்திருக்க வேண்டுமே, அதனால் எல்லாச் சாதனங்களும் எழுப்பப்படும். எழுதி முடிந்தபின்தான் பவர்ஆஃப்.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் கெர்னல் அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்களை, அதாவது கால்பேக்குகளை, தனித்தனியாக எழுதுங்கள். கார்டு நினைவகத்தை ஃப்ரீஸிலேயே நகலெடுங்கள். பவர்ஆஃப் வரும்போது இமேஜ் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அப்போது ரேமில் எதை வைத்தாலும் போய்விடும்.

பதில் 2
பஃபருக்கு பிஎம் நோட்டிஃபையர் (உறக்கம் வரப்போவதை கெர்னல் முன்கூட்டியே தெரிவிக்கும் ஃபங்ஷன்) பதிவு செய்யுங்கள். பயனர் புரோகிராம்கள் உறைவதற்கு முன்பே அது அழைக்கப்படும், பெரிய ஒதுக்கீட்டுக்கு அதுதான் நல்ல இடம். பிஎம்_சஸ்பெண்ட்_பிரிப்பேர், பிஎம்_ஹைபர்னேஷன்_பிரிப்பேர் என்று தனித்தனியாகவே சொல்லிவிடும். பிழை திருப்பினால் உறக்கமே ரத்தாகும், அதனால் நினைவகம் கிடைக்காவிட்டால் அங்கேயே தடுத்துவிடலாம்.

சஸ்பெண்டில் எந்த வகை, எஸ்2ஐடிலா (லேசான உறக்கம்), எஸ்3யா (ஆழ்ந்த உறக்கம்) என்பது மட்டும் அதில் தெரியாது. அதற்கு பிஎம்_சஸ்பெண்ட்_டார்கெட்_ஸ்டேட் மாறியை சஸ்பெண்ட் கால்பேக்கில் பாருங்கள். நோட்டிஃபையர் ஓடும் நேரத்தில் அதில் இன்னும் மதிப்பு ஏறியிருக்காது.

கேள்வி கேட்டவர்
பிரித்து எழுதியதும் உறங்குவது சரியாகிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் திரும்ப எழும்போது, ரெஸ்டோர் கால்பேக்குக்கு முன்பே ஃப்ரீஸ் அழைக்கப்பட்டு, ஒதுக்கப்படாத பஃபரைத் தொட்டு நல் பாயின்டரில் (வெற்று முகவரி) விழுகிறது. ஏன்?

பதில் 1
அது புதிதாக பூட் ஆன கெர்னலின் ஃப்ரீஸ். பழைய இமேஜை ரேமில் இறக்கும்போது எந்தக் கார்டும் டிஎம்ஏ (சிபியு இல்லாமல் கார்டே நேரடியாக ரேமில் எழுதுவது) வழியாக அதன்மேல் எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த அழைப்பு. அந்தக் கெர்னலின் நோட்டிஃபையருக்கு வருவது பிஎம்_ரெஸ்டோர்_பிரிப்பேர், எனவே உங்கள் பஃபர் அங்கே இருக்காது. பஃபர் இல்லையென்றால் நகலெடுப்பதை விட்டுவிட்டு டிஎம்ஏவை மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள்.

ரெஸ்டோரில் கார்டின் ரெஜிஸ்டர்களை நம்பவே வேண்டாம், இடையில் வேறொரு கெர்னல் தொட்டிருக்கிறது. முதலிலிருந்து இனிஷியலைஸ் செய்துவிட்டு அப்புறம் நகலை ஏற்றுங்கள். சோதிக்க, சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பவர் அடைவிலுள்ள டிஸ்க் கோப்பில் டெஸ்ட்_ரெஸ்யூம் என்று எழுதிவிட்டு ஹைபர்னேட் செய்யுங்கள். மின்சாரம் அணையாமலே இமேஜை எழுதி உடனே திரும்ப ஏற்றும்.