பிஎம்ஐ 24.1 என்றால் அதிக எடையா?

திருப்பூர்_செல்வி: கம்பெனி மருத்துவ முகாமில் என் அட்டையில் 'அதிக எடை' என்று எழுதிவிட்டார்கள். உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 24.1. நெட்டில் பார்த்தால் 25 வரை நார்மல் என்று இருக்கிறது. எதை நம்புவது?

நர்ஸ்_மாலதி: இரண்டும் சரிதான் செல்வி. 18.5 முதல் 24.9 வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. ஆசியர்கள் 23-லிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று அதன் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இங்கே 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றுதான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். உங்கள் உயரத்துக்குச் சுமார் 44.5 முதல் 55 கிலோ. மூன்று கிலோ குறைத்தால் போதும்.

வைகைக்கரை: மாலதி அக்கா, ஆளைப் பார்க்காமலே மூன்று கிலோ குறைக்கச் சொல்லலாமா? 1830-களில் கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர் மக்கள்தொகையின் சராசரிக்காகப் போட்ட கணக்கு இது. எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று இது சொல்லாது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! இந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு இடுப்பை அளக்கச் சொல்லுங்கள்.

நர்ஸ்_மாலதி: அளக்கட்டும், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆனால் தூக்கிப் போட நான் சம்மதிக்க மாட்டேன். 17 பிஎம்ஐயோடு ஒரு பெண் கர்ப்பமானால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் ஆபத்து அதிகம். அவளை உங்கள் டேப் காட்டிக் கொடுக்குமா? துணை சுகாதார நிலையத்தில் எடை மெஷினும் உயரம் பார்க்கும் அளவுகோலும்தான் இருக்கும். கொழுப்பை அளக்கும் ஸ்கேனுக்கு எங்கே போவது?

வைகைக்கரை: ஒல்லியானவர்களுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். நம் பெண்களுக்கு ஆபத்து சர்க்கரை நோய்தானே? அதற்குச் சென்னை டாக்டர் மோகன் குழு தயாரித்த மதிப்பெண் முறையில் கேட்பதே நான்கு விஷயம்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. எடையே அதில் கிடையாது.

நர்ஸ்_மாலதி: நல்ல முறைதான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பது பெண்கள் 25-ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் என்று 2019–21 குடும்பநல ஆய்வு சொன்னதும் இந்த பிஎம்ஐயை வைத்துத்தான். அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, அவ்வளவுதான். செல்வி, தையல் டேப் இருக்கிறதா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, இறுக்காமல் சுற்றுங்கள். வயிற்றை எக்காதீர்கள்.

திருப்பூர்_செல்வி: 84 வருகிறது அக்கா. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்துதான் வேலை.

நர்ஸ்_மாலதி: அப்படியானால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

வைகைக்கரை: கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள் செல்வி. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எடை குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.