ஷேக்ஸ்பியரும் ப்ளாட்டஸும்: 1595 என்ற ஆண்டு எதை நிறுவுகிறது?

பழஞ்சுவடி: ‘ஷேக்ஸ்பியருக்கு லத்தீன் தெரியாது, ரோமானிய இலக்கியம் மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் அவரை எட்டியது’ என்று கரைவேலன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. ரோமானிய நாடகாசிரியர் ப்ளாட்டஸின் ‘மெனெக்மி’ என்ற லத்தீன் நாடகத்தைத் தழுவிய ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ 1594 டிசம்பர் 28 அன்று லண்டனின் சட்டக் கழகமான கிரேஸ் இன்னில் நடிக்கப்பட்டது. வில்லியம் வார்னர் செய்த ‘மெனெக்மி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சேறியதோ 1595இல். அச்சாகாத நூலை ஷேக்ஸ்பியர் எங்கே படித்தார்?

கரைவேலன்: வார்னர் தம் நண்பர்களுக்காகவே ப்ளாட்டஸை மொழிபெயர்த்து வைத்திருந்ததாக, அச்சிட்டவரே நூலின் முன்குறிப்பில் சொல்கிறார். கையெழுத்துப் படிகள் கைமாறிய காலம் அது. ஆகவே 1595 எதையும் நிறுவாது. உடன் பழகிய நாடகாசிரியர் பென் ஜான்சனே, 1623இல் எழுதிய பாடலில், ஷேக்ஸ்பியரின் லத்தீன் சொற்பம் என்கிறார். அவரைவிடத் தாங்கள் அதிகம் அறிவீர்களோ?

நிலாமுற்றம்: தாக்கம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுப்போம். ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் பிராஸ்பரோ தன் மந்திரத்தைத் துறக்கும் பேச்சு, ரோமானியக் கவிஞர் ஓவிட் படைத்த மந்திரக்காரி மெடியாவின் பேச்சிலிருந்து வருகிறது. அதில் ஓவிடை ஆங்கிலத்தில் தந்த ஆர்தர் கோல்டிங்கின் 1567 மொழிபெயர்ப்பு வரிகள் அப்படியே ஒலிக்கின்றன.

பழஞ்சுவடி: கோல்டிங்கைப் பிறகு பார்ப்போம். ப்ளாட்டஸின் இரட்டையர் கதையில் ஷேக்ஸ்பியர் வேலைக்காரர்களையும் இரட்டையராக்கினார். கணவன் வாசலில் நிற்க, வேறொருவனோடு மனைவி உள்ளே உணவருந்தும் காட்சிக்கு ப்ளாட்டஸின் இன்னொரு நாடகமான ‘ஆம்ஃபிட்ருவோ’வை நாடினார். அந்த நாடகத்துக்கு அன்று அச்சில் ஆங்கில மொழிபெயர்ப்பே இல்லை. 1594இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் ‘லுக்ரீஸ்’ கவிதைக்கு அடிப்படையான, ஓவிடின் ‘ஃபாஸ்டி’ என்ற லத்தீன் கவிதை நூலும் 1640இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. எல்லாமே கையெழுத்துப் படியில் அவரைத் தேடி வந்தனவா? சென்ற மாதம் ரோமானிய நாடகாசிரியர் செனெகாவைப் பற்றி நான் எழுதியபோதும் கரைவேலன் இப்படித்தான் சான்றைக் காட்டாமல் ஊகத்தை நீட்டினார்.

கரைவேலன்: செனெகாவை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று என் கேள்விக்கு விடை சொல்லாமல் எழுந்து போனவர் தாங்கள்தான். லுக்ரீஸ் கதை, வில்லியம் பெயிண்டர் 1566இல் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

பழஞ்சுவடி: பெயிண்டர் தந்தது ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் சுருக்கமான கதை. ஷேக்ஸ்பியர் கவிதையின் விரிவுகள் பல ஓவிடிடம் மட்டுமே உள்ளன. ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் இலக்கணப் பள்ளியில் சிறுவர்கள் லத்தீனில் உருப்போட்டுத்தான் வளர்ந்தார்கள். அந்தக் கல்வியின் கடுமையை அறியாதவர்களே ஜான்சனின் வரியைப் பிடித்துத் தொங்குவார்கள்.

கரைவேலன்: அந்தப் பள்ளியில் ஷேக்ஸ்பியர் படித்ததைக் காட்டும் பதிவேடு ஒன்றுகூட இன்று இல்லை. தங்கள் கட்சியும் ஊகத்தின் மேல்தான் நிற்கிறது.

நிலாமுற்றம்: கோல்டிங்கைப் பற்றி இருவருமே பேசவில்லை.

பழஞ்சுவடி: பேசுவேன். அதற்கு முன், 1595க்கு முந்தைய வார்னரின் கையெழுத்துப் படி ஷேக்ஸ்பியர் கைக்கு வந்ததற்கு ஒரே ஒரு சான்றைக் கரைவேலன் காட்டட்டும்.