ஐப்பசி மழையில் கார் கண்ணாடி மங்குகிறது. வேலூரிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரி போகலாமா?

காட்பாடி அம்மணி:
வணக்கம். தீபாவளி கழித்து வரும் சனி, ஞாயிறில் மாமியார், பிள்ளைகளோடு மாமல்லபுரம் போய், கடலோரமாகவே புதுச்சேரி வரை இறங்கி, மறுநாள் ஊர் திரும்ப எண்ணம். வண்டி பழைய பெட்ரோல் கார். மழையில் ராணிப்பேட்டை போய்வந்தபோது முன்கண்ணாடி ஓயாமல் மங்கியது. துணியால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. வெயிலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை! இந்த வண்டியை நம்பிப் போகலாமா? சென்னைக்குள் நுழையாமல் வழி உண்டா?

கோட்டை அகழி:
வழி சுலபம். வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். சென்னைப் பக்கமே திரும்ப வேண்டாம்.

கண்ணாடிக்கு வருவோம். மங்கும்போது உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். மழை என்றாலே ஏசியை அணைப்பவர்கள் நம்மூரில் நிறைய. ஆனால் ஈரத்தை உறிஞ்சுவதே அதுதான். கோடு விழவில்லை என்றால் மங்கல் வெளிப்பக்கம். கடலோரப் புழுக்கத்தில் ஏசியைக் கடுங்குளிரில் வைத்தால் அப்படி ஆகும். குளிரைக் குறைத்து வைப்பர் ஓட்டினால் போய்விடும்.

காட்பாடி அம்மணி:
நன்றி அண்ணா. வாசலிலேயே பார்த்தேன், கோடு விழுகிறது. நீங்கள் சொன்னபடி வைத்தும் முழுசாகப் போகவில்லை. மாமியார் முன்சீட்டில்தான் உட்காருவார். காலடி மேட் சொதசொதவென்று இருக்கிறது என்கிறார். அவர் குடையால் வந்த ஈரம் என்று விட்டுவிட்டேன்.

ஆரணி மெக்கானிக்:
குடையை விடுங்க அக்கா, ஆள் அந்த மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஏசியில் சேரும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அது அடைத்தால் தண்ணீர் இடப்பக்கக் காலடிக்கு வரும். அந்த ஈரம்தான் கண்ணாடியில் ஏறுகிறது. மழை இல்லாத நேரத்தில் காய்ந்த தரையில் வண்டியை நிறுத்தி, ஏசி போட்டு இருபது நிமிடம் விட்டு, கீழே குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் குழாயில் அடைப்பு. நன்றாகச் சொட்டினால், கண்ணாடிக்குக் கீழே பானெட் ஓரத்தில் இலைதழை அடைத்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறதா பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளுக்கு இது வாடிக்கை. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் மட்டும் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். சரிசெய்யாமல் வெளியூர் எடுக்காதீர்கள்.

பாலாற்று மணல்:
வண்டி சரியானால் கல்பாக்கம் தாண்டி வாயலூர் பாலத்தில் பிள்ளைகளுக்கு நம்ம பாலாற்றைக் காட்டுங்கள். வேலூரில் மணலாகவே பார்த்த ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது. பிறகு கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயர் வென்ற வந்தவாசிப் போர் நடந்த அதே 1760-இல் ஆங்கிலேயர் இடித்தது. இடிந்த சுவர்மேல் நின்றால் கழிமுகம் முழுக்கத் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் வெள்ளைக் குவியல்களை எதிர்பார்க்காதீர்கள்; மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர்தான். அதுவும் ஓர் அழகு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை எங்காவது நடந்தால், அங்கே நிதானம். ஆறு மணிக்கே இருட்டிவிடும், அதற்குள் புதுச்சேரி சேருங்கள். திரும்பும்போது திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு.

கோட்டை அகழி:
ஒன்று மட்டும். 2020-இல் நிவர், 2024-இல் பெஞ்சல், இரண்டு புயலும் நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகேதான் கரை கடந்தன. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்னால் யோசிக்காமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். அறைக்கு முன்பணம் கட்டிவிட்டோமே என்று கிளம்ப வேண்டாம்.

காட்பாடி அம்மணி:
தம்பி சொன்னதுதான் சரி! கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பக்கத்துப் பட்டறையில் காற்றடித்தார்கள், குழாயிலிருந்து குளவிக் கூட்டு மண் கட்டியாக வந்து விழுந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் கடகடவென்று கொட்டியது. மேட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறேன். கண்ணாடி இப்போது பளிச்சென்று இருக்கிறது. ஆலம்பரையில் சாப்பாடு, தண்ணீர் கிடைக்குமா?

பாலாற்று மணல்:
அதை நம்பாதீர்கள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரும் கூடவே. மாமியாரைச் சுவரில் ஏறவிட வேண்டாம், மழையில் வழுக்கும்.