பழைய ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டுமா?

ரியாத் ஃபிட்டர்:
நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் குரல் பதிவு போட்டிருக்கிறார். பாலைவன வெயிலில் ஏசி கேஸ் தானாகக் குறையுமாம். பழைய ஏசி என்றால் வருஷம் ஒரு தடவை ஏற்றியே தீர வேண்டுமாம். கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜில் 60 பிஎஸ்ஐ காட்டினால் கேஸ் இல்லை என்று அர்த்தமாம். இதைக் கேட்டுவிட்டு இங்கே ரியாத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர், நம் ஊர் மாப்பிள்ளைதான், ஆர்-22 என்ற பழைய ரகக் கேஸில் ஓடும் ஸ்பிளிட் ஏசியில் கேஸ் ஏற்றிக்கொண்டார். இப்போது மத்தியானம் ஆனால் கம்ப்ரசர் ட்ரிப் ஆகிறது, குழந்தைகள் வெந்துபோகின்றன. ஐயா, கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்வதற்கு? வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எத்தனை பேர் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறீர்கள்?

வேலந்தாவளம் மாமா:
பதிவு போட்டது நான்தான். "ஒரு பெரியவர்" என்று ஒளித்துப் பேச வேண்டாம். தம்பி டவுசர் போட்ட காலத்தில் குவைத்தில் மொட்டை மாடியில் நின்று ஏசி கழற்றியவன் நான். 2016 ஜூலையில் அங்கே மித்ரிபாவில் 53.9 டிகிரி அடித்தது, உலக வானிலை அமைப்பே ஒத்துக்கொண்ட கணக்கு. அந்த வெயிலில் செம்புக் குழாய் விரியும், ராத்திரி சுருங்கும். கேஸ் குறையாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு மே மாதமும் ஏற்றினோம். ஒரு அரபியும் குறை சொன்னதில்லை. 60 காட்டினால் ஏற்று. அவ்வளவுதான்.

ரியாத் ஃபிட்டர்:
அரபி ஏன் குறை சொல்லப் போகிறார், அவருக்கு அது லீக் என்று யாரும் சொல்லவில்லையே! விரிந்து சுருங்கி, செம்புக் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டு தளர்ந்தால் கேஸ் போகும், சரி. அப்படியானால் நட்டைப் பாருங்கள். கேஸோடு எண்ணெயும் கசியும், அதில் மண் அப்பி நட்டைச் சுற்றிக் கறுப்பு வளையமாக நிற்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி விடும். அதை அடைத்து, நைட்ரஜன் ஏற்றிக் கசிகிறதா என்று நிறுத்திப் பார்த்து, குழாயில் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து வேக்கம் இழுத்து, யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். மே மாதம் பிறந்துவிட்டது என்பதற்காக அல்ல.

அப்புறம் அந்த 60. ஆர்-22இல் சக்‌ஷன் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) 68 பிஎஸ்ஐ என்றால் வீட்டுக்குள் இருக்கும் காயிலுக்குள் சுமார் 4 டிகிரி. 57க்கு இறங்கினால் பூஜ்யம், அதற்கும் கீழே போனால் பனி கட்டும். ஆனால் கேஸ் குறைந்தால் மட்டும்தான் இறங்குமா? ஃபில்டர் அடைத்துக் காற்று ஓடாவிட்டாலும் இறங்கும். மாப்பிள்ளை வீட்டில் நடந்தது அதுதான். மண்காற்று அடித்ததிலிருந்து அவர் ஃபில்டரைத் தொடவே இல்லை. கழற்றித் தட்டினேன், ஒரு கைப்பிடி மண் விழுந்தது. அடைத்த ஃபில்டரோடு 60 பார்த்து ஏற்றிய கேஸ், கழுவியதும் அதிகப்படியாகிவிட்டது. வெளியே 47 டிகிரி, அவுட்டோர் காயிலிலும் மண். கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் கேஸின் அழுத்தம், அதான் ஹெட் பிரஷர், ஏறினால் கம்ப்ரசரைக் காக்கும் ஓவர்லோடு கரண்டை வெட்டாமல் கொஞ்சுமா?

சித்தூர் கரண்ட்காரன்:
ட்ரிப் என்றதும் கேஸ் கேஸ் என்று அடித்துக்கொள்கிறீர்களே, கம்ப்ரசரைக் கிளப்பி ஓட்ட உதவும் கெப்பாசிட்டரை யாராவது பார்த்தீர்களா? வெயிலில் முதலில் மண்டையைப் போடுவது அதுதான். மூடி உப்பியிருக்கும். உப்பாவிட்டாலும் மீட்டர் வைத்தால் 45 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 30 காட்டும்.

ரியாத் ஃபிட்டர்:
பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள். 60க்கு மாமா பதில் சொல்லட்டும்.

எருத்தேம்பதி:
ஏனுங்க, 60 என்றதும் ஞாபகம் வருகிறது. சவூதி தம்மாமில் ஓடிய விண்டோ ஏசி என்று மாமா எங்கள் அண்ணனுக்கு ஒன்று விற்றாரே, அதில் 60 என்று எழுதியிருந்தது. இங்கே மாட்டியதிலிருந்து உறுமுகிறது, கொதிக்கிறது. அதுவும் கேஸ் குறைவா?

சித்தூர் கரண்ட்காரன்:
அது ஹெர்ட்ஸ் சாமி! சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும். குவைத் ஏசி என்றால் பிரச்சினை இல்லை, அங்கேயும் 50தான். தெரிந்தே விற்றாரா, தெரியாமல் விற்றாரா என்று மாமாதான் சொல்ல வேண்டும்.

வேலந்தாவளம் மாமா:
விற்றதற்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் அண்ணன் இன்னும் பாதிப் பணம் தரவில்லை, அதையும் இங்கே எழுதட்டுமா? கரண்ட்காரருக்குச் சித்தூர்க் கள் மத்தியானமே இறங்கிவிட்டது போல. 60 காட்டினால் கேஸ் குறைவு. எத்தனை பேர் கத்தினாலும் குறைவுதான்.

கணவாய்க் காற்று:
முதலில் ஒன்று கேட்கிறேன். மாமா மே மாதம் செய்த சர்வீஸில் எதெல்லாம் அடங்கும்? ஃபில்டர் கழுவுவதும் காயில் கழுவுவதும் உண்டா, இல்லை கேஸ் மட்டுமா? அதைப் பேசிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ரியாத் ஃபிட்டர்:
அதெல்லாம் அப்புறம். ஃபில்டர் அடைத்தால் 60 வருமா வராதா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை போதும், மாமா.

பாலக்காடு கூல்:
ஆர்-22 போட்டுப் புது ஏசி தயாரிப்பது இந்தியாவில் 2024 கடைசியோடு நின்றுவிட்டது. அந்தக் கேஸ் ஓசோனுக்கும் ஆகாது. பழசைக் கட்டி அழாமல் புதுசு வாங்குங்கள். வளைகுடாவுக்கு, கடும் வெயில் நாடுகளுக்கான டி3 ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை 46 டிகிரியில் சோதிக்கிறார்கள், சாதா ரகத்தை 35இல்தான். கடையில் நல்ல விலைக்குத் தருகிறேன்.

எருத்தேம்பதி:
வந்துவிட்டாருங்க வியாபாரி. ரியாத் வீட்டுக்கு வாளையாறு வழியாக லாரியில் அனுப்புவீர்களா? 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 அடித்தபோது உங்கள் கடையில் வாங்கிய ஏசி காற்று மட்டும்தான் அடித்தது. போன் செய்தால் "24இல் வையுங்கள்" என்றார்கள்.

பாலக்காடு கூல்:
24இல்தான் வைக்க வேண்டும். 2020இலிருந்து புது ஏசியைப் போட்டாலே 24இல்தான் தொடங்க வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. 18இல் வைத்துக் கம்பளி போர்த்துபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ரியாத் ஃபிட்டர்:
18ம் வேண்டாம், 24ம் வேண்டாம், 60க்கு வாருங்கள். மாப்பிள்ளை வீட்டு ஏசியில் அதிகப்படிக் கேஸை மீட்டு எடுத்து, எடை பார்த்து ஏற்றிவிட்டேன். அவுட்டோர் காயிலை உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். வெளியே 46, மத்தியானம் முழுக்க ஓடியது, ட்ரிப் இல்லை. கேஜ் படம் வேண்டுமா, மாமா?

வேலந்தாவளம் மாமா:
ஒரு மத்தியானம் ஓடினால் ஆயிற்றா? அடுத்த மே வரட்டும், தானாகக் குறையும். அப்போது போன் செய்தால் எடுக்க மாட்டேன். கேஜ் படம் எனக்கு எதற்கு? என் காதில் வைத்தாலே கம்ப்ரசர் பேசும்.

ரியாத் ஃபிட்டர்:
குறைந்தால் நட்டில் எண்ணெய் தெரியும். அடுத்த மே நானே படம் போடுகிறேன். 60க்கு இன்னும் பதில் வரவில்லை.

சித்தூர் கரண்ட்காரன்:
வேக்கம் இழுப்பதைப் பற்றி இவ்வளவு பேசினீர்களே, மாமா என்னிடம் வாங்கிப்போன வேக்கம் பம்பு எங்கே?

வேலந்தாவளம் மாமா:
அதை உங்கள் மச்சானிடம் அப்போதே கொடுத்துவிட்டேன். அவரைக் கேளுங்கள்.

சித்தூர் கரண்ட்காரன்:
மச்சான் இல்லை என்கிறார். எண்ணெய் மாற்றாமல் ஓட்டிப் புகைத்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், பம்பை எடுத்து வையுங்கள்.