தாவர நறுமணம் என்று எழுதிய ஷாம்பூவில் லினலூல், லிமோனீன் ஏன்?

முல்லைக்கொடி (கேள்வி):
தாவரங்களிலிருந்து பெற்ற நறுமணம் மட்டுமே சேர்க்கப்பட்டது என்று அச்சிட்ட ஷாம்பூ ஒன்றை வாங்கினேன். ஆனால் அதன் மூலப்பொருள் பட்டியலின் இறுதியில் லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்ற வேதிப்பெயர்கள் உள்ளன. முன்பக்கத்தில் எழுதியிருப்பது பொய்யா? வாசனைத் தைலங்களால் எனக்கு நெற்றியோரம் அரிப்பு வருவதுண்டு என்பதால் கேட்கிறேன்.

வடிகலன்:
பொய்யாக இருக்க வேண்டியதில்லை. லாவெண்டரிலும் கொத்தமல்லி விதையிலும் எடுக்கும் எண்ணெய்களில் லினலூல் இயல்பாகவே மிகுதி. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன்தான். கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கும், தலையில் தங்கும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கும் மேல் இவை இருந்தால், இயற்கையோ செயற்கையோ, பெயரைத் தனியே அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இப்படிப் பெயர் அச்சிட வேண்டிய மணப்பொருள்களின் பட்டியலை 2023இல் மேலும் நீட்டினார்கள். பைன் மரப் பிசினின் டர்பென்டைனிலிருந்து ஆலையில் உருவாக்கும் லினலூலும் உண்டு. அதையும் தாவர வழி வந்தது என்று ஒரு நிறுவனம் சொல்லிக்கொள்ள இடமிருப்பதால், அந்தச் சொற்றொடரை நான் பெரிதாக மதிப்பதில்லை.

நிலக்கோட்டையான்:
மல்லிகை மணம் என்று விற்கும் மலிவான தலைமுடி எண்ணெய்களையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். மல்லிகையின் நுண்மணம் நீராவி வடிப்பைத் தாங்காது என்பதால், எங்கள் பக்கத்து ஆலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் மணத்தை இறக்கி, கான்கிரீட் எனப்படும் மெழுகு போன்ற பொருளாக்கி, அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் என்ற செறிந்த மணச்சாற்றை எடுக்கிறார்கள். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். அந்த விலையில் அது புட்டியில் இருக்க வழியில்லை. பெரும்பாலும் பென்சைல் அசிடேட் கலந்த செயற்கைக் கலவையாகவே இருக்கும்.

தும்பைப்பூ:
அரிப்பைப் பொறுத்தவரை, மணப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட எவ்வளவு காலம் காற்றுப்பட்டது என்பது முக்கியம். லினலூலும் லிமோனீனும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன. ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றல் இவற்றுக்கே அதிகம். ஆகவே திறந்து நெடுநாளான புட்டியைத் தவிர்த்து, மற்றதை இறுக மூடி வெயில் படாமல் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் வாசனைத் தைலத் துளிகளைக் கலந்து தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், ஏனெனில் ஷாம்பூ சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும், எண்ணெயோ நாள் முழுதும் தோலில் இருக்கும். அதன் பிறகும் அரிப்பு வந்தால், தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை (பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.