1927 செப்டம்பரில் காந்தியடிகள் எங்கள் ஊருக்கு வந்த நாள் எது? தேதிகள் ஒத்துவரவில்லை, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது செட்டிநாட்டுப் பகுதியில் ஒரு சிற்றூர். 1927-இல் கதர் நிதி திரட்டக் காந்தியடிகள் தமிழ்நாட்டில் மேற்கொண்ட நெடும்பயணத்தின்போது எங்கள் ஊரிலும் இறங்கிப் பேசினார் என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2027-இல் அதற்கு நூறாண்டு நிறைவதால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கல்வெட்டு ஒன்று பதிக்க விரும்புகிறோம். எந்தத் தேதியைப் பொறிப்பது என்பதில்தான் சிக்கல்.

பள்ளியின் பழைய பலகையில் 27-9-1927 என்று இருக்கிறது. என் பூட்டனாரின் கணக்குச் சிட்டையிலோ, "பிரபவ௵ புரட்டாசி௴ ௰௳ திங்கள், மகாத்மா பிரசங்கம், கதர் நிதிக்கு ரூ. 25" என்று (அதாவது பிரபவ வருடம் புரட்டாசி மாதம் 10-ஆம் நாள்) அவர் கைப்படவே எழுதியிருக்கிறார். காந்தியடிகளின் எழுத்துகளையும் உரைகளையும் கடிதங்களையும் திரட்டிய ஆங்கில நூல் தொகுப்பின் 35-ஆம் தொகுதியைப் பார்க்குமாறு ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பு சொன்னதால் அதை இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். அதில் 1926-ஆம் ஆண்டுக் கடிதங்களே இருக்கின்றன. எங்கே தவறுகிறேன் என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

மறுமொழி 1

ஐயா, அடிக்குறிப்பும் சரி, நீங்கள் பார்த்த கோப்பும் சரி. இரண்டும் வெவ்வேறு பதிப்புகளைச் சேர்ந்தவை. மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு கொண்டுவந்த மூல ஆங்கிலப் பதிப்பு 100 தொகுதிகளைக் கொண்டது. முதல் 90 தொகுதிகள் கால வரிசையில் அமைந்தவை. 91 முதல் 97 வரை பின்னர் கிடைத்தவற்றைச் சேர்த்த துணைத் தொகுதிகள். 98-உம் 99-உம் அடைவுகள். 100-ஆவது, முன்னுரைகளின் திரட்டு. பிற்காலத்தில் வந்த திருத்திய பதிப்பில் துணைத் தொகுதிகளில் இருந்தவற்றையும் கால வரிசைக்குள் நுழைத்துவிட்டதால் தொகுதி எண்கள் எல்லாமே இடம் மாறிப்போயின. விடுபடல்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அதன் மின்கோப்புகள் இன்றும் பரவலாகக் கிடைக்கின்றன.

மூலப் பதிப்பில் 1927 செப்டம்பர் பிற்பகுதி 35-ஆம் தொகுதியில் வருகிறது. திருத்திய பதிப்பில் அதே காலத்துக்கு 40-ஆம் தொகுதியைப் பார்க்க வேண்டும். சபர்மதி ஆசிரமம் நடத்தும் காந்தி மரபு இணையவாயிலில் மூலப் பதிப்பின் பக்கங்களே படமாக உள்ளன. கல்வெட்டுக்காகத் தேடுவதால் அதையே பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். தொகுப்பில் ஒவ்வோர் உரையின் தொடக்கத்திலும் பேசிய இடமும் நாளும் இருக்கும். முடிவில் அது எடுக்கப்பட்ட நாளிதழின் பெயரும் அந்த இதழ் வெளிவந்த தேதியும் இருக்கும். ஊர் வரலாறு எழுதுவோர் பலர் இறுதியில் உள்ள தேதியைக் கூட்டம் நடந்த தேதி என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். கூட்டச் செய்தி தபாலிலோ தந்தியிலோ சென்னைக்குப் போய் அச்சேற ஓரிரு நாள் ஆகும். உங்கள் பள்ளிப் பலகையின் 27 அப்படி வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சிட்டையின் தேதியை எளிதில் சரிபார்க்கலாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாதப் பிறப்பில் ஒரு நாள் வேறுபாடு வரக்கூடும் என்பதால் தேதியை மட்டும் நம்பாமல் கிழமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் பூட்டனார் கிழமையையும் எழுதிவைத்திருப்பது பெரும் பேறு. 1927 செப்டம்பர் 26 திங்கட்கிழமை. ஆகவே புரட்டாசி 10 என்பது அந்த நாள்தான்.

ஆனால் திங்கட்கிழமை காந்தியடிகளின் மௌன நாள் ஆயிற்றே! பயணத்தில் இருந்தாலும் அன்று அவர் மேடையில் பேசுவதில்லை. கடிதங்களும் கட்டுரைகளும் எழுதுவார். சபர்மதி ஆசிரமப் பெண்களுக்கு அவர் வாரந்தோறும் எழுதிய கடிதங்கள் அந்த மௌன நாளில் எழுதப்பட்டவை. எனவே 26-ஆம் தேதி "பிரசங்கம்" என்ற குறிப்பைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு முந்தைய பதிவுகளையும் ஒருமுறை பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. மௌன நாள் எனக்குத் தோன்றவே இல்லை. நேற்றிரவு சிட்டையை மீண்டும் எடுத்து, பூச்சி அரித்த ஓரம் கிழியாமல் ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். முந்தைய பக்கத்தில், "௯௳ ஞாயிறு" (9-ஆம் நாள்) என்பதன் கீழ் ஒரே ஒரு வரி: "மீட்டிங்கிக்கு வண்டிச் சத்தம் அணா 12" (சத்தம் என்றால் வாடகை). அந்த நாளில் வேறு வரவும் இல்லை, பற்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். கொடுத்த பணத்தை மறுநாள் காலையில் கணக்கெழுத உட்கார்ந்தபோது திங்கள் பற்றில் ஏற்றியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் கூட்டம் நடந்தது செப்டம்பர் 25.

மூலப் பதிப்பின் 35-ஆம் தொகுதியையும் பார்த்துவிட்டேன். செட்டிநாட்டு உரைகள் பல இருக்கின்றன. வெளிநாட்டு அலங்காரப் பொருள்களால் வீடுகளை நிரப்புவதைப் பற்றி அவர் எங்கள் பகுதி மக்களிடம் முகத்துக்கு நேராகவே பேசியிருப்பதைப் படித்தபோது சிலிர்த்தது. எங்கள் ஊரின் பெயரில் மட்டும் தனி உரை இல்லை.

மறுமொழி 3

சிறிய ஊர்களில் நிகழ்ந்த சில நிமிடப் பேச்சுகள் தொகுப்பில் இடம்பெறாமல் போவது இயல்பு. அதற்காக மனம் தளர வேண்டாம். முதலில், காந்தியடிகள் எந்த நாளில் எங்கிருந்தார் என்று சி. பி. தலால் தொகுத்து 1971-இல் வெளிவந்த நாள்வாரி அட்டவணையில் செப்டம்பர் 25-க்கு எதிரே உள்ள ஊர்களைப் பாருங்கள். அடுத்து, காந்தியடிகள் நடத்திய யங் இந்தியா வார இதழில் அந்த வாரங்களில் அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் எழுதிய பயணக் கடிதங்களைப் படியுங்கள். நிதி அளித்த ஊர்களைப் பற்றிய செய்திகள் அவற்றில் கிடைக்கும். அந்த இதழ்களும் காந்தி மரபு இணையவாயிலிலேயே உள்ளன.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போகலாம். ஆனால் மாகாண அரசு மேலிடத்துக்கு அனுப்பிய இருவார அறிக்கைகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவை மாகாணம் முழுவதன் அரசியல் நிலையைச் சில பக்கங்களில் சுருக்கிச் சொல்பவை, ஒரு சிற்றூரின் கூட்டம் அவற்றில் அரிதாகவே அகப்படும். உங்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது செப்டம்பர் 26 முதல் 29 வரையிலான சுதேசமித்திரன் நாளிதழ்கள். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்த நாள்களின் இதழ்கள் உள்ளனவா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சிட்டையின் அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். ஒட்டுநாடா எதுவும் ஒட்ட வேண்டாம்.

கேட்டவர்

நூலகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். நாளிதழில் செய்தி கிடைக்கும்வரை கல் தச்சரிடம் தேதியைக் கொடுப்பதில்லை என்று பள்ளிக் குழுவும் ஒப்புக்கொண்டிருக்கிறது.