புதுப்பிப்பு: எம்.ஏ. தமிழ் முடித்து கல்லூரி வேலை

முனைவர் பட்டம் இல்லாமல் சென்னைக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடியும். 2023 ஜூலையில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைத் திருத்தியதிலிருந்து, உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு முதுகலையோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி போதும். ஆனால், செட் முடித்த என் தோழிக்கு ஒரு தனியார் கல்லூரி சொன்ன சம்பளம் நெட்டில் அதிக மதிப்பெண் எடுப்பவர்களுக்கு ஆய்வு செய்யத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகையான மாதம் 37,000 ரூபாயில் பாதிகூட இல்லை. அநியாயம்!

அதனால் ஜேஆர்எஃப்தான் என் இலக்கு. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டி ஆய்வுத் தலைப்பும் தேடுகிறேன். நெட்டுக்கான படிப்பில் யாப்புதான் (செய்யுள் இலக்கணம்) கஷ்டமாக இருக்கிறது. மாமுன் நிரை வந்தால், அதாவது மாச்சீரை அடுத்த சீர் நிரையசையில் தொடங்கினால், அந்தச் சீர்களின் இணைப்பு இயற்சீர் வெண்டளை என்று தெரிகிறது. ஆனால் பாட்டைக் கொடுத்து அலகிடச் சொன்னால் (அசை, சீராகப் பிரிக்கச் சொன்னால்) தடுமாறுகிறேன். யாப்பு சொல்லித்தருபவர் தரமணி, அடையாறு பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.